எச்சரிக்கை என்னும் உரைநடை

கவிதைக்கும் நாவலுக்கும் விமரிசனம் உண்டு. மேடைப் பேச்சுக்கும் உண்டு. ஆனால் மக்களின் உயிரோடு நேரே தொடர்பு கொண்ட ஓர் உரைநடையைத் தமிழ் விமரிசனம் தன் பொருளாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் வருகின்ற வெள்ள எச்சரிக்கை, கடற்கரைக் கோபுரத்து ஒலிபெருக்கியின் குரல், பிரதேச செயலகச் சுவரில் ஒட்டப்படும் அறிவித்தல் ஆகிய இவையும் தமிழில் எழுதப்படும் உரைநடையே. சிறுகதை ஒன்று தோற்றுவிட்டால் வாசகன் ஏட்டை மூடி வைத்துவிடுவான். எச்சரிக்கை ஒன்று தோற்றுவிட்டால் வாசகனே இல்லாமற் போவான். இத்தகைய உரைநடை விமரிசனத்துக்குத் தகுதியற்றதென்றால், விமரிசனம் வேறு எதற்குத்தான் தகுதியுடையது?

இலக்கியம் யாருக்காக என்ற கேள்வியை முற்போக்காளர் எழுப்பியபோது பண்டிதர் பலர் முகம் சுளித்தனர். அக் கேள்வி இன்று எவருக்கும் புதிதன்று. அதனையே எச்சரிக்கையை நோக்கியும் கேட்போம்: இது யாருக்காக எழுதப்பட்டது? யாருடைய மொழியில் எழுதப்பட்டது? கேட்டவன் என்ன செய்யவேண்டுமென்று எழுதப்பட்டது? திருகோணமலை மாவட்டத்தில் அனர்த்த முகாமைத்துவம் என்ற பெயரில் நடைபெறும் பணியை இம் மூன்று கேள்விகளையும் உரைகல்லாகக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை புதிய செய்தியன்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அதற்கு முதல்நாளே எதிரிக் கப்பற்படை நெருங்குகின்றதென்ற தகவலை வேவு விமானம் கொண்டுவந்துவிட்டது. அன்றிரவே கப்பல்கள் துறைமுகத்திலிருந்து அகற்றப்பட்டன. அவ்வாறு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது வேறு கதை. நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தான் பெறுமதியுடையதென்று கருதிய பொருளுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை அனுப்ப ஏகாதிபத்தியத்துக்குத் தெரிந்திருந்தது. எச்சரிக்கை எவரைச் சென்றடைகின்றது என்பதைக் கொண்டே ஓர் ஆட்சி எவரைப் பெறுமதியுடையவராக மதிக்கின்றது என்பதை அறிந்துகொள்ளலாம்.

சுதந்திர இலங்கையின் வரலாற்றை இந்த அளவுகோலால் அளந்தால் கிடைப்பது கசப்பான கணக்கே. 1964 டிசம்பரில், தனுஷ்கோடியைக் கடலுக்குள் இழுத்துச் சென்ற அதே சூறாவளி, அதற்கு முன் திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கிவிட்டே சென்றது. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் அதிகாலை இருளிற் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. குளக்கோட்டன் கட்டியதென்று ஐதீகம் கூறும் அந்தப் பழங்குளத்தின் நீர், உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் மீது பாய்ந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அணை உடைவதை வானம் முன்னறிவிப்பதில்லை. அதனை அறியவேண்டியவர் அணையைப் பராமரிப்பவரே. ஆதலின் கந்தளாயில் நேர்ந்ததை இயற்கையின் சீற்றமென்று எழுதுவது, மனிதர் ஏற்கவேண்டிய பொறுப்பை மழையின் தலையிற் சுமத்துவதாகும்.

பின்னர் வந்தது 2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் அதிர்ந்ததற்கும் பேரலை எமது கிழக்குக் கரையைத் தொட்டதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மெல்ல நடந்தாலும் கரையிலிருந்து பல கிலோமீற்றர் தூரம் சென்றுவிடலாம். ஹவாய்த் தீவில் இருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் அதிர்ச்சியைப் பதிவு செய்தது. ஆனால் அதனை இந்து சமுத்திரக் கரைவாழ் மக்களிடம் கொண்டு செல்ல ஓர் அமைப்பு இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. நாடெங்கும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். மூதூரும் கிண்ணியாவும் குச்சவெளிக் கரையும் சிதைந்தன. காயமுற்றோரைக் காக்கவேண்டிய கிண்ணியா வைத்தியசாலையே அலைக்கு இரையாயிற்று. அந்த ஒன்றரை மணி நேரத்தில் விஞ்ஞானிக்கும் மீனவனுக்கும் நடுவே ஒரு வாக்கியம் இல்லாமற் போயிற்று. அந்த வாக்கியத்தின் விலையே அத்தனை உயிர்கள்.

அந்தப் பேரழிவின் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. சனாதிபதியைத் தலைவராகவும் பிரதமரை உபதலைவராகவும் கொண்ட தேசிய பேரவை ஒன்றையும், அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் இச் சட்டம் நிறுவியது. எதிர்க்கட்சித் தலைவருக்கும் மாகாண முதலமைச்சர்களுக்கும் பேரவையில் இடமுண்டு. கடற்றொழிலாளர் என்றோ விவசாயி என்றோ பெயர் சுட்டி ஒரு நாற்காலியும் அங்கே இல்லை. செய்தி இறங்கிவரும் படிகள் நாம் அறிந்தவையே. வானிலையைச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம்; ஆற்று நீரைச் சொல்வது நீர்ப்பாசனத் திணைக்களம். அவை கொழும்பிலுள்ள நிலையத்துக்குச் செல்லும். அங்கிருந்து மாவட்டச் செயலகத்தில் இயங்கும் இணைப்புப் பிரிவுக்கும், பின் பதினொரு பிரதேச செயலகங்களுக்கும், பின் கிராம உத்தியோகத்தருக்கும், கடைசியாகக் கிராமத்துக்கும் வரும். ஒவ்வொரு படியிலும் நேரம் கழிகின்றது. பல படிகளில் மொழியும் மாறுகின்றது. மேலிருந்து கீழே வருவதற்கு இத்தனை படிகள் உண்டு. கீழிருந்து மேலே செல்வதற்கு எத்தனை?

நியாயமாகப் பேசுவோம். இந்த அமைப்பு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது விமரிசனமாகாது. 2012 ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் அதிர்ச்சி நேர்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி நகர்ந்தனர். அழிவு தரும் அலை வரவில்லை. வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தவரும் உண்டு. அது வீண் அலைச்சலன்று, ஒரு முழுநாட்டு ஒத்திகை என்றே நாம் கொள்ளவேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, பல்லாயிரவர் முன்கூட்டியே பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்டனர். கிராம உத்தியோகத்தர்களும் இளைஞர்களும் இரவு பகல் பாராது உழைத்தனர். 1964ஐயும் 2020ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் வளர்ச்சியை மறுக்கமாட்டார்.

ஆனால் 2025 நவம்பர் அந்த வளர்ச்சியின் எல்லையைக் காட்டிவிட்டது. 28ஆம் நாள் கிழக்குக் கரை வழியே நாட்டுக்குள் புகுந்த டித்வாச் சூறாவளி அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலைநாட்டில் மண்சரிவு, அங்கே பெய்த மழையெல்லாம் மகாவலி வழியே எமது மாவட்டத்தை நோக்கி இறங்கிற்று. மாவிலாற்று அணை உடைப்பெடுத்தது. 2006இல் இறுதிப் போருக்குத் தீப்பொறியாய் அமைந்த மதகுக்குரிய அதே மாவிலாறு! மூதூரும் வெருகலும் சேருவிலையும் கிண்ணியாவும் நீரில் நின்றன. மக்களை உலங்கு வானூர்தி கொண்டு மீட்கவேண்டியதாயிற்று. சூறாவளி சுழன்று வரலாம். ஆறு சுழன்று வருவதில்லை. கண்டியில் விழுந்த மழைத்துளி கொட்டியாரக் குடாவைச் சேர வழியில் எத்தனையோ பாலங்களைக் கடக்கவேண்டும். அதன் வரவு தெரிந்த வரவு. எச்சரிக்கைக்கு இடம் வைத்துக்கொண்டே வரும் வரவு. எனினும் அந்த நாட்களில் உரிய நேரத்தில் தமிழில் அறிவித்தல் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு மலைநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் எழுந்தது.

இந்த முறைப்பாட்டை மொழிவெறி என்று ஒதுக்குவோருக்கு ஒன்று கூறுவோம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஏட்டில் உள்ள சமத்துவம் உண்மையா என்று அறிய, பெயர்ப்பலகையையும் தபாலுறையையும் பார்ப்பதுண்டு. ஆனால் அவற்றைவிடக் கடுமையான சோதனை நள்ளிரவிலே வரும் எச்சரிக்கையாகும். பெயர்ப்பலகை பிந்தி வந்தால் மானம் போகும். எச்சரிக்கை பிந்தி வந்தால் உயிர் போகும். இம் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் தமிழ் பேசுவோர், தமிழரும் முஸ்லிம்களுமாக. அதே வேளையில், கோமரங்கடவலையிலோ பதவி சிறிபுரவிலோ வாழும் சிங்கள விவசாயிக்குத் தமிழில் மட்டும் எழுதிய அறிவித்தல் எவ்வளவு பயன்படும்? வெள்ளம் இனம் பார்ப்பதில்லை. இனம் பார்ப்பது வெள்ளத்தைப் பற்றிய செய்தியே. இரு மொழியிலும் ஒரே நேரத்தில், ஒரே தெளிவுடன் செய்தி வரவேண்டுமென்று கோருவதே ஜனநாயகக் கோரிக்கை.

தமிழில் வந்துவிட்டாற் போதுமா? இங்கேதான் தமிழ் கற்ற நமக்கு உரிய வேலை தொடங்குகின்றது. முதலில் அந்தப் பெயரையே பார்ப்போம். அனர்த்தம் என்பது வடசொல். பொருளின்மை, பயனின்மை, கேடு என்று அது பொருள்படும். முகாமைத்துவம் என்பது அலுவலகத்துக்கு வெளியே எவர் நாவிலும் புழங்காத சொல். பொருளின்மையை நிருவகிக்கும் நிலையம் என்று ஒருவர் நகைத்தால் அகராதி அவரைத் தடுக்கமாட்டாது. கடலைக் கடந்தால் தமிழ்நாட்டில் இதனையே பேரிடர் மேலாண்மை என்கின்றனர். இரண்டும் கச்சேரிச் சொற்களே. மூதூர்ச் சந்தையில் மக்கள் சொல்வது வெள்ளம், புயல், சுனாமி என்ற மூன்றே. இவற்றுள் மூன்றாவது யப்பானியச் சொல். 2004இன் பின் ஒரே நாளில் எமது மொழிக்குள் நுழைந்து, குழந்தைகளும் அறிந்த சொல்லாகிவிட்டது. மக்களுக்குத் தேவை ஏற்பட்டால் எந்தச் சொல்லையும் ஏற்பர். தேவையில்லாத சொல்லை எந்த வர்த்தமானியாலும் திணிக்க முடியாது.

சொல்லை விடுவோம்; வாக்கியத்துக்கு வருவோம். வழக்கமான அறிவித்தலின் அச்சில் நாமே ஒன்றை வார்த்துக் காட்டுகின்றோம்: "ஆற்றின் கீழ்ப்படுகையில் வெள்ள அபாயம் நிலவுவதால் தாழ்நிலப் பகுதிகளில் வசிப்போர் மிகுந்த அவதானத்துடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." இவ் வாக்கியத்தை இலக்கணப்படி பகுத்துப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகின்றோம். கேட்டுக்கொள்வது யார்? வாக்கியத்தில் அவர் இல்லை. செயப்பாட்டு வினைக்குப் பின்னே ஒளிந்துகொண்டார். கேட்டுக்கொள்ளப்படுவோர் என்ன செய்யவேண்டும்? அவதானத்துடன் இருக்கவேண்டும். இருத்தல் ஒரு செயலா? எப்போது வரை? எங்கே? தாழ்நிலம் என்பது எது? தன் வளவு தாழ்நிலமென்று எந்தக் குடியானவன் தன்னைத்தானே அழைத்துக்கொள்வான்? நூறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழைவீழ்ச்சி என்ற கணக்கு பொறியியலாளருக்குப் போதும். தன் வீட்டுத் திண்ணை நனையுமா என்று அறிய விரும்பும் தாய்க்குப் போதாது.

இதே செய்தியை ஏவல் வினையில் எழுதிப் பாருங்கள்: "மாலை ஆறு மணிக்கு முன் ஆற்றங்கரை வீடுகளை விட்டுப் புறப்படுங்கள். மேட்டிலுள்ள பாடசாலைக்குச் செல்லுங்கள். மருந்தும் குடிநீரும் அடையாள அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியே இருக்கும் முதியோரை உங்களோடு கூட்டிச் செல்லுங்கள். சென்ற வெள்ளத்திலும் பார்க்க ஒரு முழம் கூடுதலாக நீர் வரும்." இதில் அலங்காரம் எதுவுமில்லை. ஆனால் எழுவாய் இருக்கின்றது. அந்த எழுவாய் மக்களே. முதல் வாக்கியத்தில் மக்கள் செயப்படுபொருள், இரண்டாவதில் செய்பவர். இந்த வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டுமன்று. மக்களை உதவிபெற வரிசையில் நிற்போராகக் காணும் ஆட்சி முதல் வாக்கியத்தையே எழுதும். மக்களைத் தம்மைத் தாமே காக்க வல்லோராகக் காணும் ஆட்சியால்தான் இரண்டாவதை எழுத முடியும்.

குற்றம் முழுவதையும் அலுவலகத் தமிழின் மீது சுமத்தவும் நமக்கு மனமில்லை. எமது இலக்கிய மரபும் இங்கே கேள்விக்குரியது. கடல்கோள் என்ற சொல் தமிழருக்குப் பழையது. சிலப்பதிகாரம் அதனைப் பேசுகின்றது. இறையனார் களவியல் உரை கடல் கொண்ட சங்கத்தைப் பேசுகின்றது. அரசர் எத்தனை பேர், புலவர் எத்தனை பேர், எந்த நூல் அழிந்தது என்ற கணக்கெல்லாம் அங்கே உண்டு. வலை உலர்த்திக் கொண்டிருந்த பரதவன் என்ன ஆனான் என்பது இல்லை. கடல் பொங்கினால் எத் திசையில் ஓடவேண்டும் என்பதும் இல்லை. பெருமைக்குரிய இழப்பாக மட்டுமே கடல்கோள் எமக்குக் கையளிக்கப்பட்டது, அறிவாகக் கையளிக்கப்படவில்லை.

இதற்கு எதிரான மரபு ஒன்றும் உலகில் உண்டு. சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு. 1907இல் பேரலை அத் தீவைத் தாக்கிப் பலரை அழித்தது. எஞ்சியோர் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டனர். பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் பூமி அதிர்ந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தது அத் தீவு; அலை அங்கே சில நிமிடங்களில் வந்துவிட்டது. எச்சரிக்கைக் கோபுரமும் இல்லை, தொலைபேசிச் செய்தியும் இல்லை. இருந்தும் ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டோர் ஏழு பேர் மட்டுமே. அதே நாளில் இலங்கைக் கரையிற் பல இடங்களில் பின்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கச் சென்றோர் உயிரிழந்தனர். பயன் கருதிய இலக்கியம் கலையாகாது என்று வாதிடும் அன்பர்கள் சிமெலுவேயின் பாட்டிகளுக்கு என்ன விடை சொல்வார்கள்?

எனினும், எச்சரிக்கை தெளிவாக வந்தாலும் வீட்டை விட்டுப் புறப்படாதோர் இருப்பர். அவர்களை அறியாமையாளர் என்று ஏசுவது எளிது. கடனுக்கு வாங்கிய படகையும் இயந்திரத்தையும் விட்டுப் புறப்படும் கடற்றொழிலாளிக்கு, திரும்பி வரும்போது அவை இருக்கும் என்ற உறுதியை யார் தந்தார்? ஆட்டையும் மாட்டையும் எங்கே கட்டுவது? முகாமில் வயது வந்த பெண்பிள்ளைகளுக்கு மறைவிடம் உண்டா? 2005இல் கரையோரத் தடைவலயம் விதித்தபோது தெற்கிலும் மேற்கிலும் நூறு மீற்றர் என்றும், வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர் என்றும் வகுத்தனர். ஒரே கடலுக்கு இரண்டு அளவுகோல்! விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே தன் நிலம் பறிபோகுமோ என்று அஞ்சும் மனநிலையை அது விட்டுச் சென்றது. நம்பிக்கையில்லாத வாயிலிருந்து வரும் எச்சரிக்கையை எவனும் நம்புவதில்லை.

பொருள் வளம் குறைந்த நாடுகளால் இது முடியாதென்ற வாதத்தைக் கியூபா பொய்யாக்கியது. 1963இல் புளோராச் சூறாவளி அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் அந்நாடு தெருத்தெருவாக மக்களை அமைத்தது. எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கின்றாள், எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கின்றார் என்பதை அயலவரே பதிந்து வைத்தனர். வீட்டுப் பொருளைக் காப்பதும் திட்டத்தின் பகுதியாயிற்று. 2004இல் ஐவன் சூறாவளி வந்தபோது ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஓர் உயிரும் போகவில்லை. வங்காள தேசத்தின் கதையும் அதுவே. 1970இல் போலாச் சூறாவளி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரை விழுங்கிய கரை அது. அங்கே இன்று கொடியும் ஒலிபெருக்கியும் ஏந்திப் பல்லாயிரம் தொண்டர் வீடு வீடாகச் செல்கின்றனர். இத் தொண்டர்கள் எவருக்கும் வெளியார் அல்லர். அதே கிராமத்தின் ஆண்களும் பெண்களுமாவர்.

ஆதலின் நம் கோரிக்கைகள் எளியவை. கிராமத்துக்கு வரும் ஒவ்வோர் எச்சரிக்கையும் இரு மொழியிலும் ஒரே வேளையில் வெளிவரவேண்டும். மொழிபெயர்ப்பு இரண்டாவது வேலையாகக் கருதப்படலாகாது. அறிவித்தலின் வாசகத்தை வெள்ளம் வருமுன்பே, மழையில்லாத மாதங்களில், அந்தந்தக் கிராமத்து மக்களோடு அமர்ந்து எழுதி வைக்கவேண்டும். அவர்கள் அறிந்த மரத்தையும் பாலத்தையும் கோவிலையும் பள்ளிவாசலையும் விகாரையையும் அளவுகோலாக அதில் வைக்கவேண்டும். கடற்றொழிலாளர் சங்கமும் விவசாயச் சம்மேளனமும் பெண்கள் அமைப்பும் மாவட்டக் கூட்டத்தில் பார்வையாளராகவன்றித் தீர்மானிப்போராக இருக்கவேண்டும். கோபுரங்களும் 117 என்ற அவசர இலக்கமும் இயங்குகின்றனவா என்று சோதித்து, முடிவை மக்களுக்கு அறிவிக்கவேண்டும். சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களில் ஒருநாள் தீ மூண்டால் அயற் கிராமங்கள் எவ்வழியே வெளியேறுவது என்பதும் அயலாருக்குத் தெரிந்த செய்தியாக இருக்கவேண்டும்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதிற் பங்குண்டு. வெள்ளம் வந்தால் பாடசாலைதான் புகலிடம். அப் பாடசாலைக்கு வெள்ளத்தைப் பற்றிய அறிவு இல்லாதிருப்பது முரண். தமிழ்ப் பாடத்தில் அறிவித்தல் எழுதும் பயிற்சி உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் நூலகத் திறப்புக்கும் அறிவித்தல் எழுதிய மாணவி, தன் கிராமத்து வெள்ளத்துக்கும் ஒன்று எழுதட்டும். அதனைத் தன் பாட்டியிடம் வாசித்துக் காட்டட்டும். பாட்டிக்கு விளங்கவில்லையென்றால் எழுத்தைத் திருத்தட்டும். 1964ஐக் கண்ட முதியோர் சிலராயினும் இன்னும் நம்மிடையே உள்ளனர். கந்தளாயையும் 2004ஐயும் கண்டோர் எண்ணிறந்தோர். நீர் எவ்வழியே வந்தது, யார் எங்கே ஏறித் தப்பினர் என்று அவர்கள் சொல்வதை எழுதிவைத்தால் அதுவே இம் மாவட்டத்தின் பேரிலக்கியத் தொகுதியாக அமையும்.

கடலும் ஆறும் எமது ஏவலுக்குக் கட்டுப்படா. வாக்கியம் கட்டுப்படும். எவருக்கும் விளங்காத வாக்கியத்தை எழுதிவிட்டுப் பின்னர் இரங்கற் செய்தி எழுதுவதை எந்த ஆட்சியும் கடமையாகக் கொள்ள நாம் இடமளிக்கலாகாது. கடைசி வீட்டிலுள்ள கடைசி மனிதருக்கும் விளங்கும் எச்சரிக்கையே எச்சரிக்கை. அதனை எழுதச் சொல்லி ஆட்சியாளரை வற்புறுத்துவதும், அவர்கள் எழுதும்வரை காத்திராது நாமே எழுதத் தொடங்குவதும் தமிழறிந்த ஒவ்வொருவரின் பணியாகும்.